தூங்கவிடாத அம்மா

மூன்றாம் வகுப்புப் படிக்கும் மகள் சோபாவில் சாய்ந்த மறுகணம், அவள் முகத்தில் தண்ணீரைத் தெளித்தாள் தாய். காலையில்தான் ஊரிலிருந்து வந்திறங்கிய நாத்தனாருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அத்தை, நேத்து ராத்திரியிலேர்ந்து அம்மா என்னைத் தூங்கவே விடலை," என்று சிணுங்கினாள் சிறுமி.

"நீயெல்லாம் ஒரு தாயா? வா கண்ணு, என் மடியில படு."

"வேண்டாம் அண்ணி, நான் சொல்றதை..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

தாய் மகளை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வாடகைக் காரில் ஏறினாள். நாத்தனாரும் விடுவதாயில்லை; கூடவே ஏறிக்கொண்டாள். வழியெல்லாம் ஒருத்தி கிள்ளிக் கிள்ளி எழுப்ப, இன்னொருத்தி திட்டித் தீர்த்தாள்.

ஆஸ்பத்திரியில் சிறுமியின் தலையில் வயர்களை ஒட்டிய நர்ஸ், "நல்லா முழிக்க வச்சிருக்கீங்க. அசதியில தூங்கினாத்தான், மூளையில பழைய கோளாறு மிச்சமிருக்கான்னு மெஷின்ல தெரியும். இப்ப தூங்கும்மா," என்றாள்.

நாத்தனார் தாயின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வலிப்பு நின்னு ரெண்டு வருஷமாச்சு அண்ணி. இன்னிக்கு நல்லபடியா வந்தா மாத்திரையை நிறுத்திடலாமாம்."

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் சிரித்த முகமாக வெளியே வந்தார்.

"இனிமே மாத்திரை வேண்டாம்னு..."

நாத்தனார் உதட்டில் விரல் வைத்தாள். அவள் தோளில் சாய்ந்து தாய் உறங்கிக்கொண்டிருந்தாள்.

"மெதுவா பேசுங்க டாக்டர். இப்பதான் கண்ணசந்தா, பாவம்."