மல்லாட்டைக் கொல்லையில் ஒரு மாளிகை

“கவர்மெண்டா இருந்தா இன்னா, கலெக்டரா இருந்தா இன்னா? காய் புடிக்கிற நேரத்துல எங்க கொல்லையில யாரும் கடப்பாரை வெக்கக் கூடாது!”

கமலாம்பாள் வரப்பில் நின்று முந்தானையை இழுத்துச் செருகினாள். எதிரே நின்ற சம்பந்தம் ஓர் அடி பின்வாங்கினார். தொல்பொருள் இலாகாவில் சேர்ந்து அவருக்கு இன்னும் வருஷம் திரும்பவில்லை. செஞ்சிக் கோட்டையின் பீரங்கிக்கு எதிரே நின்றபோதுகூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

“அம்மா, கோபப்படாதீங்க. முதல்ல இந்தப் படத்தைப் பாருங்க. போன வருஷம் ஏரோப்ளேன்லேர்ந்து எடுத்தது.”

“தலைக்கு மேல சுத்திக்கினே இருந்துச்சே, அதுவா? மாடு மெரண்டு ஓடிப் பொழுது சாயறவரைக்கும் தேடினோம். இந்தாய்யா, நீயும் வந்து பாரு!”

மறுகோடியில் வேர்க்கடலைச் செடிகளுக்கு நடுவே களை பிடுங்கிக்கொண்டிருந்த அரிகிருஷ்ணன் மெதுவாக வந்தான். பேச்சையெல்லாம் பெண்டாட்டியிடம் ஒப்படைத்துவிட்டு, தலையாட்டுவதை மட்டும் தன் பங்குக்கு வைத்துக்கொண்ட மனிதன்.

சம்பந்தம் படத்தின் மேல் பூதக்கண்ணாடியை வைத்தார். கோட்டை நிற்கும் ராஜகிரி மலை, கிணறு, வரப்பு எல்லாம் தெரிந்தன. இவர்கள் கொல்லையின் நடுவில் மட்டும் கறுப்புக் கோடுகள், கட்டம் கட்டமாக.

“கீழ நின்னா இது தெரியாதும்மா. பூமியை ஆழமா வெட்டி மூடின இடத்துல ஈரம் தங்கும். மழை இல்லாத காலத்துல அங்க மட்டும் பயிர் பச்சையா நிக்கும். சீமையில ரோமாபுரிக்காரங்க கட்டின ஊரையெல்லாம் இப்படித்தான் கண்டுபிடிச்சாங்க. கோதுமை வயல்ல தெருத்தெருவா கோடு தெரிஞ்சுது.”

“அதான் சங்கதியா!” கமலாம்பாள் புருஷன் பக்கம் திரும்பினாள். “எருவை ஒழுங்கா எறைக்காம வரிவரியா கொட்டறியேன்னு எத்தினி வருஷமா இந்த ஆளைத் திட்டறேன்! அந்த வரியில மட்டும் ஒவ்வொரு செடியும் இம்மாம் மல்லாட்டை தள்ளும் சார்.”

அரிகிருஷ்ணன் தலைத்துண்டை அவிழ்த்து மறுபடி கட்டினான்.

“இது ஒரு கட்டடத்தோட கடைக்கால்.” சம்பந்தத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. “செங்கல்லை யாரோ பேத்துக்கிட்டுப் போயிருக்கணும், வெட்டின பள்ளம் மட்டும் மிச்சம். இங்க பாருங்க, கிழக்கே பார்த்த வாசல். இது கூடம். நடுவுல முற்றம். தென்கிழக்கு மூலையில சமையக்கட்டு. அரண்மனைன்னு பார்த்தா சின்னதுதான். யாரோ ஒரு ராஜா தன் ராணிக்காக ஆசைப்பட்டுக் கட்டின மாளிகையா இருக்கும்.”

“குடுத்து வெச்ச மகராசி.” கமலாம்பாளின் குரல் இறங்கியது. ஆனால் அவளால் அதோடு சும்மா இருக்க முடியுமா? “கேட்டுக்கினியாய்யா? நம்ம பொண்ணு செந்தாமரைக்குக் கண்ணாலம் கட்டற வயசு வந்துருச்சு. இன்னும் ஒழுகற கூரையிலதான் குந்திக்கினு இருக்கோம். எனக்கு ஒரு குட்டிச்சுவராவது எழுப்பிக் குடுத்திருப்பியா நீ?”

அது சண்டை இல்லை. அந்த வீட்டில் சோற்றுக்கு உப்பு மாதிரி தினமும் சேர்வது.

“சார், மெய்யாலுமே அரண்மனைன்னா இந்தக் கொல்லை இன்னா ஆவும்?” அரிகிருஷ்ணன் முதல் தடவையாக வாயைத் திறந்தான்.

சம்பந்தம் தயங்கினார். “பயிருக்கு நஷ்ட ஈடு கிடைக்கும். ஆனா நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கும். இன்னிக்கே நான் மெட்ராசுக்கு எழுதியாகணும்.”

கமலாம்பாள் அப்படியே வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். அவர்களுக்கு இருப்பதே இந்தக் கொல்லை ஒன்றுதான்.

“வாணாம் சார். எங்களுக்கு வேற கெதி இல்ல” என்றாள். சற்று முன் சண்டை போட்ட குரல் இல்லை அது.

அவளை அப்படிப் பார்க்க அரிகிருஷ்ணனால் முடியவில்லை.

“எழுதாதீங்க சார். அது எந்த ராஜாவும் வெட்டின கடைக்கால் இல்ல. நான் வெட்டினது.”

“நீங்களா?”

“செந்தாமரை பொறக்கறதுக்கு இவ தளவானூருக்கு, தாய்வூட்டுக்குப் போயிருந்தா. புள்ளையோட திரும்பி வர்றப்போ சொந்த ஊட்டுல கால் வெக்கட்டும்னு தனியாளா வெட்டினேன். இவளுக்குச் சேதி போயிடக் கூடாதுன்னு, கேட்டவங்ககிட்டல்லாம் தண்ணிக்குக் கால்வா வெட்டறேன்னேன். செங்கல்லும் அறுத்து அடுக்கிட்டேன் சார். சூளை வெக்கறதுக்குள்ள ஐப்பசி மழை புடிச்சிக்கிச்சு. அத்தினி பச்சைக் கல்லும் கரைஞ்சி சேறாப் போச்சு. தெரிஞ்சா ஆயுசுக்கும் சிரிப்பாளேன்னு, அந்தச் சேத்தையே எருவோட அள்ளிப் போட்டு மூடி, மேல உழுது வெதைச்சிட்டேன். அப்புறம் கை கூடி வரல.”

சம்பந்தம் படத்தையும் அரிகிருஷ்ணனையும் மாறி மாறிப் பார்த்தார். வாசல், கூடம், சமையற்கட்டு எதிலும் அவர் கணிப்பு தப்பவில்லை. காலம்தான் சில நூறு வருஷம் முன்னே பின்னே ஆகிவிட்டது.

“அப்போ இங்க மாளிகை எதுவும் இல்ல” என்று சொல்லிப் படத்தைப் பைக்குள் வைக்கப் போனார்.

கமலாம்பாள் எழுந்து அதை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். அவள் சிரிக்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, படத்தைப் புருஷனிடம் நீட்டினாள்.

“இல்லன்னு யாரு சார் சொன்னது? நம்ம ஊட்டு சமையக்கட்டு எங்க இருக்குதுன்னு நீ காட்டுய்யா.”