இரண்டாவது மருந்து

"முதுகை நல்லா வளைச்சு உட்காருங்கம்மா, அசையக் கூடாது" என்றேன்.

அந்தக் கர்ப்பிணி அசையவே இல்லை. மெல்லிய குழாய் முதல் முயற்சியிலேயே முதுகெலும்பின் இடுக்கில் போய் உட்கார்ந்துகொண்டது.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வேலை கச்சிதமாக முடிந்துவிட்டால் என் வாய் சும்மா இருக்காது.

விடுப்பில் போன மயக்க மருந்து டாக்டருக்குப் பதிலாக இந்த சிசேரியனுக்கு அவசரமாக வந்திருந்தேன். கோப்பில் எடை, ரத்த அழுத்தம், ஒவ்வாமை மூன்றை மட்டும் பார்த்தேன். எங்கள் வேலைக்கு அது போதும் என்பது என் கட்சி.

"குழந்தை டாக்டரை இன்னும் காணோமே?" என்று கேட்டேன்.

நர்ஸ் காதில் விழாதது போலக் கத்தரிகளை எண்ணிக்கொண்டிருந்தாள்.

கர்ப்பிணியைப் படுக்க வைத்து, எல்லோரிடமும் சொல்வதைச் சொன்னேன். இந்தக் குழாய் வழியாக இரண்டு வலி மருந்துகள் போகும். ஒருவன் அவசரக்காரன், வந்த வேகத்தில் கிளம்பிவிடுவான். இன்னொருவன் ஆடி அசைந்து வருவான், நாளை இந்நேரம் வரை நகர மாட்டான். இரண்டு பேரும் சேர்ந்தால் வலி கிட்டவே வராது. கொஞ்சம் அரிக்கும், கொஞ்சம் தூக்கம் வரும்.

தூக்கம் என்றதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ரெண்டாவது வேண்டாம் டாக்டர்."

முதல் மருந்தின் வேகம் தணிந்ததும் தையல் போட்ட இடம் உயிரை எடுக்கும் என்றேன். எடுக்கட்டும் என்றாள். கண் சொக்கிவிடக் கூடாது, குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அது ஒன்றுதான் வேண்டும் என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குழந்தை எங்கேயும் ஓடிவிடாது, இனி வருஷக்கணக்கில் உங்களைத் தூங்க விடப் போவதில்லை, இன்று ஒரு நாளாவது தூங்கிக்கொள்ளுங்கள் என்றேன். எத்தனையோ தாய்மார்கள் விழுந்து விழுந்து சிரித்த பேச்சு அது.

யாரும் சிரிக்கவில்லை. நர்ஸ் எண்ணுவதை நிறுத்திவிட்டாள். அறுவை செய்யும் டாக்டர் கையுறையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவளாவது என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை, அதுதான் இன்றுவரை தாங்க முடியவில்லை. வழி கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள், முதல் மருந்து எவ்வளவு நேரம் தாங்கும் என்று.

இரண்டு மணி நேரம், மிஞ்சிப்போனால் மூன்று என்றேன்.

"போதும் டாக்டர். குழந்தைக்கும் அவ்வளவு நேரம்தான் சொல்லியிருக்காங்க."