பாலம் வரைக்கும்

"நில்லு பெருசு! தொப்பை முன்னால ஓடுது, நீ பின்னால வர்றே!" என்று குரைத்துக்கொண்டே செவலை நாய் துரத்தியது. நடுவயதுக் கழுதை மூச்சிரைக்க ஓடியது. ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த சாலை ஓட்டப் பந்தயத்துக்காக அது விடியற்காலையில் தனியாகப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. நாயைத் தவிர, கழுதையோடு பேசுவதற்கு அந்தச் சாலையில் வேறு யாரும் இல்லை.

பாலம் வந்ததும் நாய் நின்றுவிட்டது.

"இன்னும் கொஞ்ச தூரம் வாயேன் தம்பி," என்றது கழுதை.

"அந்தப் பக்கம் வேற நாயோட இடம். என் இடத்துல எவன் ஓடினாலும் துரத்துவேன். நடந்தா கண்டுக்க மாட்டேன். அதான் முறை."

பந்தயத்தில் கழுதை கடைசியாக வந்தது. அது போய்ச் சேர்வதற்குள் முடிவுக்கோட்டில் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்துச் சுருட்டிவிட்டிருந்தார்கள்.

மறுநாள் விடியற்காலையில் கழுதை அதே சாலையில் நடந்து வந்தது. நாய் தலையைத் தூக்கிப் பார்த்தது.

"பந்தயம் என்னாச்சு?"

"முடிஞ்சுபோச்சு."

"அப்ப இனிமே ஓட வேண்டியதில்ல."

"இல்ல."

நாய் மறுபடி தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டது. கழுதை பாலம் வரைக்கும் நடந்தது. அங்கே சற்று நின்றது. பிறகு திரும்பி, நாய் படுத்திருந்த பக்கமாக ஓடத் தொடங்கியது.