முப்பது ஹெர்ட்ஸ்

"தையல் டீச்சர், அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் மேல ஏத்துங்களேன். யாருக்கும் கேக்கல."

கணினியில் ஒலி உருவாக்கக் கற்றுத்தரும் மாஸ்டர் இதைப் பதினோராம் முறையாகச் சொன்னார். வகுப்பில் மற்றவர்கள் புல்லாங்குழல், மழை என்று ஆளுக்கொன்றைச் செய்துவிட்டார்கள். இந்த அம்மாள் மட்டும் திரையில் வண்ண வட்டங்களைத் துள்ளவிட்டு, ஒலியைக் காதுக்கு எட்டியும் எட்டாத முப்பது ஹெர்ட்ஸ் அதிர்வில் புதைத்து வைத்திருந்தார்.

"இன்னும் கீழ இறக்கலாமான்னு பாக்கறேன் சார்."

"அதுக்கும் கீழ பாதாளம்தாம்மா இருக்கு. நாளைக்கு நம்ம வகுப்புக் கச்சேரி மேடையில என் மானம் கப்பலேறும்."

"ஏறாம நான் பாத்துக்கறேன்."

"ஏத்தலைன்னா உங்க பேரை எடுத்துடுவேன்."

டீச்சரின் முகம் வாடியது. "அப்படிச் செய்யாதீங்க சார். என் பிள்ளைங்க எட்டுப் பேர் இப்பதான் முதல்முறையா ஒரு கச்சேரிக்கு வராங்க."

மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு பெயரைப் பட்டியலில் விட்டுவைத்தார், அதுவும் கடைசி ஆளாக.

மறுநாள் டீச்சரின் முறை வந்ததும் எட்டு மாணவிகள் மேடைக்கே ஏறினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு, பெரிய ஸ்பீக்கரைச் சுற்றி, மேடையின் மரப்பலகையில் உள்ளங்கைகளைப் பதித்து உட்கார்ந்தார்கள்.

"என்ன கூத்து இது?" என்று மாஸ்டர் பக்கத்திலிருந்தவரிடம் பல்லைக் கடித்தார்.

"தெரியாதா சார்? அவங்க வேலை பாக்கறது காது கேளாதவங்க பள்ளிக்கூடத்துல."

வட்டங்கள் துள்ளின. பலகை அதிர அதிர ஒரு சின்னப் பெண் கண்ணை மூடித் தலையாட்டத் தொடங்கினாள். தாளம் ஓரிடத்திலும் தப்பவில்லை.

மாஸ்டர் குனிந்து தன் ஷூ கயிற்றை அவிழ்த்தார்.