லவுஞ்சில் கைமாறிய பொட்டலம்

துபாய் விமான நிலையத்து லவுஞ்சில் ஒரே ஒரு முறை உட்கார்ந்து எழுந்ததிலிருந்து ஆம்னி பஸ் முதலாளி கண்ணையனுக்குத் தலைகால் புரியவில்லை. ஊர் திரும்பிய கையோடு, திண்டிவனம் பைபாஸில் தன் பஸ்கள் நிற்கும் இடத்தில் அதேபோல் ஒன்றைக் கட்டிவிட்டார்.

குளுகுளு ஏசி. சாய்ந்தால் படுக்கையாகும் சோபா. கால் பிடித்துவிடும் மெஷின். துபாயில் கொடுத்ததைப் போலவே உறைப்பே இல்லாத, யாருக்கும் வயிற்றைக் கெடுக்காத சாப்பாடு. வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி இல்லை. அவருடைய பஸ்ஸில் அடிக்கடி போகிறவர்களுக்குத் தங்க நிறத்தில் ஓர் அட்டை. அதைக் காட்டினால் பயணம் இல்லாத நாளிலும் உள்ளே வந்து உட்காரலாம். எல்லாம் இலவசம்.

இலவசம் என்றால் வில்லங்கமும் கூடவே வரும் என்பது மேனேஜர் வல்லரசுக்கு இப்போதுதான் புரிந்தது.

வில்லங்கத்தின் பெயர் அம்சா. வேர்க்கடலையை மல்லாட்டை என்று சொல்லும் மயிலம் பக்கத்துக் கிராமம். பெங்களூரில் வேலை பார்க்கும் மகளைப் பார்க்கப் போய்ப் போய்த் தங்க அட்டை வாங்கியவர். இப்போதெல்லாம் அவர் பஸ் ஏறுவதே இல்லை. காலையில் வருவார். அட்டையைக் காட்டுவார். பிளாஸ்டிக் செடிகளுக்குப் பின்னால் இருக்கும் கடைசி சோபாவில், மடியில் ஒரு பெரிய பையோடு உட்கார்ந்துவிடுவார்.

பிறகு ஒவ்வொருவராக அந்த மூலைக்குப் போவார்கள். டை கட்டியவர், லேப்டாப் மாட்டியவர், காலேஜ் புரொபசர். குசுகுசுவென்று பேச்சு. டிஷ்யூ பேப்பரில் மடித்த சின்னப் பொட்டலம் ஒன்று கைமாறும். கொஞ்ச நேரத்துக்கு ஆள் கண்ணில் பட மாட்டார்.

மறுபடி பார்க்கும்போது கண் சிவந்திருக்கும். மூக்கை உறிஞ்சிக்கொண்டிருப்பார். அத்தனை ஏசியிலும் நெற்றியில் வியர்வை. முகத்தில் மட்டும் ஏதோ சொர்க்கத்தைப் பார்த்துவிட்டு வந்த சிரிப்பு.

வல்லரசு ஒருநாள் செடிகளுக்கு இந்தப் பக்கம் தரையைத் துடைப்பதுபோல் குனிந்து காதைக் கொடுத்தான்.

"யக்கா, நேத்து குடுத்தது ராவே தீந்துபூச்சி. இது இல்லாம நமக்கு ஓடாதுக்கா."

"மெதுவா பேசு தம்பி. மேனேஜருக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும். அட்டையப் புடுங்கிக்கினு வெளிய தள்ளிடுவாங்க."

போதைப்பொருளேதான் என்று வல்லரசு முடிவு கட்டினான். ரெய்டு வந்தால் முதல் விலங்கு மேனேஜர் கைக்குத்தான். அவனுக்குப் போன மாதம்தான் பெண் பார்த்து நிச்சயம் செய்திருக்கிறார்கள்.

முதலாளியிடம் சொல்லலாம் என்றால், அவர் வேறு உலகத்தில் இருந்தார். "பாத்தியாடா, முன்னல்லாம் இட்லி மிஞ்சும். இப்ப எல்லாம் காலி! ஏர்போர்ட் ஸ்டாண்டர்டுடா!" என்று போனிலேயே குதித்தார்.

அதைக் கேட்டதும் வல்லரசுக்கு இன்னும் பயமாகிவிட்டது. உடனே சப்-இன்ஸ்பெக்டர் சிங்காரத்துக்குப் போன் போட்டான்.

"சார், கஞ்சா போட்டா அகோரப் பசி எடுக்குமாமே, நெசமாங்களா?"

"ஏம்பா, நீ போட்டிருக்கியா?"

"ஐயோ, நான் இல்லைங்க சார்! எங்க லவுஞ்சுல..." என்று ஆரம்பித்து மூச்சு விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தான்.

மறுநாள் சிங்காரம் மஃப்டியில் வந்தார். கோவை பஸ்ஸுக்குக் காத்திருக்கும் வியாபாரிபோல வெள்ளைச் சட்டை, கையில் சூட்கேஸ். நேராகக் கடைசி சோபாவுக்குப் போய் அம்சாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

வல்லரசு பின்வாசலைப் பூட்டிச் சாவியைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான். காத்திருந்தான். விசில் சத்தமும் வரவில்லை, வேறு சத்தமும் வரவில்லை. கோவை பஸ்கூடப் புறப்பட்டுப் போய்விட்டது. உள்ளே போன போலீஸ் மட்டும் வரக் காணோம்.

பொறுக்க முடியாமல் செடிகளை விலக்கி எட்டிப் பார்த்தான்.

சிங்காரத்தின் உள்ளங்கையில் பொட்டலம் பிரிந்து கிடந்தது. உள்ளே செம்பழுப்பு நிறத்தில் தூள். அவர் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். பரிசோதனை என்றால் இப்படித்தான் இருக்கும் என்று வல்லரசு நினைத்துக்கொண்டான். அவர் இன்னொரு சிட்டிகை எடுத்தார். அப்புறம் இன்னொன்று. கண் சிவந்தது, மூக்கு ஒழுகியது, நெற்றி வியர்த்தது.

"சார்! போதும் சார்! உடம்புக்கு ஏதாச்சும் ஆயிடப் போவுது!" என்று பாய்ந்து ஓடினான் வல்லரசு.

அவனைக் கண்டதும் அம்சா மடியில் இருந்த பையை முந்தானையால் மூடினார். "தப்புதான் தம்பி, இங்க எடுத்தாரக் கூடாதுதான். முதல்ல எனக்கு மட்டுந்தான் கொண்டாந்தேன். ஒருத்தர் கேட்டாருன்னு குடுத்தேன், அப்புறம் விடமாட்டேன்றாங்க. போலீசு கீலீசுன்னு போயிடாத தம்பி, பொண்ணுக்குத் தெரிஞ்சா மானம் பூடும்!"

"நீங்க பேசாதீங்கம்மா, அதான் போலீசே பக்கத்துல உக்காந்துக்கினு இருக்காரே!" என்ற வல்லரசு, சிங்காரத்தின் பக்கம் திரும்பினான். "இன்னா பண்ணட்டும் சார்? ஜீப்பு வரச் சொல்லட்டுமா?"

சிங்காரம் கர்ச்சீப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, பேச முடியாமல் ஒரு கையை உயர்த்தினார். ஒரு டம்ளர் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்த பிறகுதான் குரல் வந்தது.

"ஜீப்பு கெடக்கட்டும், ஜல்தியா நாலு இட்லி எடுத்துக்கினு வாப்பா, மல்லாட்டைப் பொடிய வெறும் வாயில எவ்ளோ நேரந்தான் தின்னுக்கினு இருக்கிறது?"