மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு கொடி

பிரேபனின் முட்டிகள் இரண்டும் விண்விண்ணென்று தெறித்தன. ஒரு குளிர்காலம் முழுக்கச் சாக்கடைத் தண்ணீரில் நின்று இந்தப் படத்துக்கு விளக்குக் கட்டியதன் மிச்சம். தியேட்டர் நாற்காலியில் காலை நீட்டவும் வழியில்லை.

பக்கத்தில் பியர்தே, ஆர்னேயின் மனைவி. அவனை அடக்கம் செய்த அன்று போட்டிருந்த அதே கறுப்புக் கோட்டு.

படத்தில் ஆர்னே ஒரு நிமிஷம் வருகிறான் என்று கேள்விப்பட்டதிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லையாம். செத்து ஒரு வருஷம் தாண்டிய மனுஷன்.

விளக்கு அணையுமுன் டைரக்டர் தோருப் மேடையேறினான். சின்ன வயசு, முதல் படம். இது உங்களுக்குப் பிடித்துப்போனால் நான் தோற்றேன் என்றான். யாருக்கும் நன்றி சொல்லப்போவதில்லை என்றான். உப்பை எடுத்துக் கொடுத்தால்கூட நன்றி சொல்கிற கோபன்ஹேகன்காரர்கள் அதற்கும் கைதட்டினார்கள்.

படம் ஓடியது. அழுகிப்போன ஒரு நகரம், ஓயாத மழை, கொலைகாரனைத் தேடி அலையும் துப்பறிகிறவன். வானம், தண்ணீர், மனுஷ முகம் எல்லாம் ஒரே மஞ்சள்.

அந்த மஞ்சள் பிரேபனும் ஆர்னேயும் போட்டது. நெடுஞ்சாலைக் கம்பங்களில் எரிகிற சோடியம் விளக்குகளைக் கொண்டுவந்து, ஊருக்கடியில் ஓடும் பழைய சாக்கடைச் சுரங்கத்தில் வரிசையாகக் கட்டினார்கள்.

"பையனுக்கு மஞ்சக்காமாலைடா. படத்த நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க," என்பான் ஆர்னே, தோருப் காதில் விழும்படியாகவே.

சுரங்கத்தில் பம்பு இரைச்சல். கத்தினாலும் கேட்காது. அதனால் விளக்குக்காரர்கள் டார்ச்சால் பேசிக்கொள்வார்கள். ஒரு தடவை அடித்தால் பொறு, இரண்டு தடவை அடித்தால் சுவிட்சைப் போடு.

தோருப் டார்ச்சைத் தடுத்துவிட்டான். வெள்ளை வெளிச்சம் ஒரு துளி விழுந்தால் என் மஞ்சள் செத்துப்போகும் என்றான். கொடி பிடிக்கச் சொன்னான். சிவப்பு என்றால் பொறு, பச்சை என்றால் போடு.

அன்று ஆர்னே இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டாவது வரிசை விளக்குக்கு வயர் முறுக்கிக்கொண்டிருந்தான். கொடியைத் தூக்கினான். மறுகோடியில் பிரேபன் பச்சைக்காகத்தான் காத்திருந்தான். கொடி எழுந்ததும் திரும்பிச் சுவிட்சைப் போட்டான்.

கொடி இரண்டும் தண்ணீரில் மிதந்து வந்தன.

பச்சைதான் காட்டினான் என்று விசாரணையில் பிரேபன் சொன்னான். செத்தவனின் கவனக்குறைவு என்று எழுதி முடித்தார்கள். அடக்கம் முடிந்து காபி குடிக்கிற இடத்தில் ஆர்னேயின் கூடப்பிறந்த தம்பியே, கொடியைப் பார்த்துத் தூக்கத் தெரியாத முட்டாள் என்று சொல்லி அழுதான்.

பியர்தே மட்டும் நம்பவில்லை. வீட்டில் ஒரு பல்பு மாற்றுவதற்குக்கூட மெயினை அணைத்துவிட்டு, அணைத்தோமா என்று இன்னொரு தரம் போய்ப் பார்க்கிற ஆள் ஆர்னே.

கொடியின் நிறத்தைத் தன் கண்ணால் பார்க்கத்தான் அவள் இன்று வந்திருந்தாள்.

திரையில் சுரங்கம் வந்தது. ஆர்னே செத்த அன்று, ஒத்திகையின்போது ஓடிக்கொண்டிருந்த கேமராவில் மாட்டிய துண்டு. தோருப்புக்குப் பிடித்துப்போய் வைத்துக்கொண்டிருக்கிறான். தூரத்தில் ரப்பர் கால்சட்டையோடு ஆர்னே. தலைக்குமேல் கொடியைத் தூக்கிப் பிடித்திருந்தான். அந்த மஞ்சளில் அது வெறும் கரித்துணி.

பியர்தேயின் கண் நிறைந்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றிக் கழுத்துத்துணியால் துடைத்தாள்.

துப்பறிகிறவன் கையில் இருந்ததுதான் அந்தச் சுரங்கத்தில் மிச்சமிருந்த ஒரே டார்ச். எரிகிறதா என்று ஒரு தரம் அடித்துப் பார்த்தான். வெள்ளை வெளிச்சம் சுவரில் வழுக்கிக்கொண்டு ஓடி, ஆர்னேயின் உயர்ந்த கையைத் தொட்டுவிட்டுப் போனது.

மஞ்சளே பார்த்துப் புளித்த கண்களுக்கு முன்னால் ஒரு நிறம் பூத்து அணைந்தது.

அரங்கமே மூச்சை இழுத்தது. பின்னாலிருந்து யாரோ கைதட்டினார்கள். முன்வரிசையில் பத்திரிகைக்காரர் ஒருவர் பக்கத்து ஆளிடம், என்ன மூளை பார், என்றார்.

பியர்தே கண்ணாடியை மாட்டினபோது திரையில் வேறு காட்சி ஓடிக்கொண்டிருந்தது.

"எதுக்குத் தட்டுறாங்க? கொடி நெறம் தெரிஞ்சுதா, பிரேபன்?"

பிரேபனுக்கு டார்ச் வெளிச்சம் தேவைப்பட்டிருக்கவில்லை. விசாரணை முடிந்த மறுவாரமே, சாமான் கிடங்கில், அந்த இரண்டு கொடிகளையும் சோடியம் விளக்குக்கடியில் விரித்துப் பார்த்திருந்தான். இரண்டும் ஒரே கரி. விளக்கிலேயே பிழைத்தவர்கள், இருவரில் ஒருவருக்கும் இது முன்னால் தோன்றவில்லை. பிறகும் அவன் வாய் திறக்கவில்லை. திறந்தால், நிறம் தெரியாமலா சுவிட்சைப் போட்டாய் என்றுதான் அடுத்துக் கேட்பார்கள்.

"இல்ல," என்றான். "எல்லாமே மஞ்சளாத்தான் இருந்துச்சு."

பியர்தே கண்ணாடியைக் கழற்றிப் பைக்குள் வைத்தாள். இன்னொரு தடவை வந்து இதைப் பார்க்கத் தன்னால் ஆகாது என்றாள்.

"அப்ப நீ சொன்னதுதான் சரி போலிருக்கு. பாவி மனுஷன், பச்சையத்தான் தூக்கிட்டான்."

கூட்டிக்கொண்டு வந்ததற்கு நன்றி என்று சொல்லி, அவன் முட்டியில் மெல்லத் தட்டினாள்.

பிரேபன் அவளுக்கு ஒரு வார்த்தை பாக்கி வைத்திருக்கிறான். சிவப்பு.