அவுக சொன்னாக

“குத்தினவன் வேற ஆளு. அவன் குத்தறப்போ ஷட்டரை வெளியிலேருந்து இழுத்து மூடினது என் கட்சிக்காரர் ஸ்ரீஹரின்னு சொல்றீங்க. உங்க கண்ணால பார்த்தீங்களாம்மா?” என்று கேட்டார் வக்கீல் விஜயராகவன்.

தி.நகர் ஜவுளிக்கடைக் கொலை வழக்கில் கடைசிச் சாட்சி இசக்கியம்மாள். அவள் சாட்சியம் எடுபட்டால் உடந்தையாக இருந்த ஸ்ரீஹரிக்கும் ஆயுள் தண்டனை. இல்லையென்றால் விடுதலை.

“பார்க்கலைங்கய்யா. அவுக சொன்னாக.”

“அவங்க சொன்னாங்க, இவங்க சொன்னாங்க! யுவர் ஆனர், இது வெறும் செவிவழிச் செய்தி.”

ஸ்ரீஹரி நிம்மதியாக மூச்சுவிட்டான்.

“யாரும்மா சொன்னது? பேரைச் சொல்லுங்க” என்றார் நீதிபதி.

“அது மட்டும் முடியாதுங்கய்யா.”

“யாராவது மிரட்டினாங்களா?”

“இல்லங்கய்யா. பேரு சொல்ற வழக்கமில்ல.”

விஜயராகவன் சிரித்தார். “தெருவுல நாலு பேர் பேசினதுக்கு ஏதும்மா பேரு?”

“நாலு பேரு இல்ல, ஒரே ஆளுதான். ஆம்புலன்ஸ்ல, என் மடியில கெடந்து சொன்னாக.”

வக்கீலின் சிரிப்பு நின்றது.

“குத்தப்பத்திரிகையில செத்தவுக பேரு எழுதியிருக்கும்லா? நீங்களே வாசிச்சிக்கிடுங்கய்யா. கழுத்துல தாலி ஏறின நாள்லேருந்து அந்தப் பேரை நான் சொன்னதில்ல.”

நீதிபதி தாளைப் புரட்டினார். “வெள்ளைச்சாமி.”

“அவுகதான்” என்றாள் இசக்கியம்மாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி.

நீதிபதி தட்டச்சரைப் பார்த்தார். “செவிவழிச் செய்தின்னு அடிச்சதை எடுத்துடுங்க. மரண வாக்குமூலம்னு போடுங்க.”